ஜென்னி லிண்டின் ஒரு மாலைக் கச்சேரி: மெண்டல்சன் உதவித்தொகை நிலைத்த கதை

1848 டிசம்பர் 15 அன்று லண்டன் ஸ்ட்ராண்ட் சாலையில் இருந்த எக்ஸெட்டர் ஹாலில் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் 'எலியா' பாடப்பட்டது. வேடமும் நடிப்பும் இல்லாமல், தனிப் பாடகர்களும் கோரஸும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரு விவிலியக் கதையை இசையாலேயே சொல்லும் ஆரட்டோரியோ வகைப் படைப்பு அது. சோப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பெண்குரல், பகுதியைப் பாடியவர் ஸ்வீடன் நாட்டு ஓபரா பாடகி ஜென்னி லிண்ட். அப்போது அவருக்கு 28 வயது. முந்தைய ஆண்டு மே மாதம் லண்டன் மேடையில் முதன்முதலாக ஏறிய நாளிலிருந்து அவர் பெயரைச் சொன்னாலே அரங்கு நிரம்பியது. அன்றைக்கு அவர் சன்மானம் எதுவும் பெறவில்லை. செலவு போக மிஞ்சியது சுமார் 1,000 பவுண்டு.

அந்தத் தொகைதான் மெண்டல்சன் உதவித்தொகைக்கு முதலானது. பிரிட்டனில் இளம் இசைக்கலைஞர்களுக்கு, குறிப்பாக இசையமைப்பாளர்களுக்கு, மேற்படிப்புக்கென்று தரப்படும் பழைமையான உதவித்தொகைகளில் அது ஒன்று. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி, இருபத்தோராம் நூற்றாண்டுக்குள்ளும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

லிண்டின் குரலை இன்று யாரும் கேட்க முடியாது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877இல். லிண்ட் 1887இல் காலமானார். அவர் பாடிய பதிவு ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. அந்தக் குரலைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், அந்த எழுத்தில் பாதி மிகை. அவரை நினைக்க வேண்டுமென்றால் அந்தக் குரல் ஈட்டிய பணம் எங்கே போயிற்று என்று பின்தொடர்ந்து பார்ப்பதே நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் உதவிக்காகப் பாடிய கச்சேரிகள் பல. அவற்றில் இந்த ஒன்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் பணம் எப்படி வைக்கப்பட்டது, யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஏற்பாடு தெளிவாகத் தெரிகிறது.

பொதுச் செலவில் வளர்ந்த பிள்ளை

ஜென்னி லிண்ட் 1820 அக்டோபர் 6 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அப்போது பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. குழந்தையை வேறு குடும்பத்தில் விட்டு வளர்த்தார்கள். பிறகு பாட்டியோடு சில காலம் இருந்தார். ஒன்பது வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூனைக்குப் பாடிக்கொண்டிருந்ததை வீதியில் போன ஒரு பணிப்பெண் கேட்டார். அந்தப் பெண் வேலை செய்த வீட்டு எஜமானி அரச நாடக அரங்கின் நடனக் கலைஞர் லுண்ட்பெர்க். அவர் வழியாகச் சிறுமி அரங்கின் பாட்டு ஆசிரியரிடம் போனார். இத்தனை சின்னப் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று அரங்கத்தார் தயங்கினார்கள். பாடக் கேட்டதும் தயக்கம் போயிற்று. அரங்கின் பள்ளியிலேயே உணவு, உடை, பாட்டு, நடனம், நடிப்பு எல்லாம் அரசுச் செலவில் கிடைத்தன. 1838 மார்ச்சில், 17 வயதில், ஓபரா மேடையில் முதல் பெரிய வேடம்.

இந்தப் பகுதியை எல்லாரும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். அடுத்து நடந்ததுதான் உதவித்தொகைக் கதைக்கு முக்கியம்.

மூன்று ஆண்டுகளில் அந்தக் குரல் தேய்ந்துவிட்டது. முறையான அடித்தளம் இல்லாமல் கனமான வேடங்களை அடுத்தடுத்துப் பாடியதன் விளைவு. பாரிஸில் மானுவல் கார்சியா என்ற ஆசிரியரிடம் போனால் சரியாகலாம் என்று தெரிந்தது. அதற்குப் பணம் வேண்டும். பணம் சேர்க்க ஸ்வீடனின் சிறு நகரங்களில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். களைத்துப் போன குரலைச் சரிசெய்யும் செலவுக்கு அதே குரலை மேலும் வருத்த வேண்டியிருந்தது. 1841இல் பாரிஸ் போய்ப் பாடிக் காட்டியபோது, உனக்குக் குரலே மிஞ்சவில்லை என்றார் கார்சியா. சில வாரங்கள் பாடவே கூடாது, பேசுவதையும் குறைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தபோது ஏற்றுக்கொண்டு, ஸ்வரப் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்கினார். ஏறக்குறைய ஓராண்டுப் பாடம். அதற்குப் பிறகு வந்தவர்தான் ஐரோப்பா கொண்டாடிய ஜென்னி லிண்ட். நடு ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் மட்டும் கடைசிவரை மங்கலாகவே இருந்தன என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

திறமையுள்ள ஒருவருக்கு எந்த வயதில் எது தேவை என்பதை இதைவிடக் கடுமையாகக் கற்றுக்கொள்ள முடியாது. பத்து வயதில் அவருக்குக் கிடைத்தது இருபது வயதில் கிடைக்கவில்லை. சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஓரிரு ஆண்டு படிக்கும் வாய்ப்பு, அதுவும் ஊரை விட்டு நல்ல ஆசிரியர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் படிக்கும் வாய்ப்பு. மெண்டல்சன் உதவித்தொகை தருவது சரியாக அதைத்தான்.

மெண்டல்சன்

இருவரும் 1844 அக்டோபரில் பெர்லினில் சந்தித்தார்கள். 1845 டிசம்பர் 4 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கெவாந்த்ஹவுஸ் இசை அரங்கில் மெண்டல்சனின் ஏற்பாட்டில் லிண்ட் பாடினார். மறுநாளே இன்னொரு கச்சேரி; அதற்கு அவர் பணம் வாங்கவில்லை. அதன் வரவு கெவாந்த்ஹவுஸ் வாத்தியக்காரர்களின் விதவைகளுக்கான நிதிக்குப் போயிற்று. இசைக்காரர்களின் நலனுக்காகப் பாடுவது அவருக்கு 1848இல் புதிதாக வந்த பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அன்றைய வாத்தியக் கலைஞர் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு நிற்க இடம் கிடையாது. சக கலைஞர்கள் போட்டு வைத்த நிதிதான் துணை.

'எலியா'வின் சோப்ரானோ பகுதியை மெண்டல்சன் லிண்டின் குரலை மனதில் வைத்து எழுதினார். அவருடைய உச்ச ஸ்தாயியில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் ஒலிக்கும் விதம் மெண்டல்சனுக்கு மிகப் பிடிக்கும். இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் பாடலில் அது தெரியும். ஆனால் 1846 ஆகஸ்டில் பர்மிங்காமில் அது அரங்கேறியபோது பாடியவர் வேறொருவர். 1847 நவம்பர் 4 அன்று மெண்டல்சன் 38 வயதில் இறந்துபோனார். தனக்காக எழுதப்பட்டதை எழுதியவர் முன்னால் லிண்ட் ஒருமுறையும் முழுதாகப் பாடவில்லை. அந்த மரணத்துக்குப் பிறகு நீண்ட காலம் அவர் மெண்டல்சனின் பாடல்களைத் தொடவே முடியாமல் இருந்தார். எக்ஸெட்டர் ஹால் கச்சேரிக்குச் சம்மதித்தது அந்த மனநிலையில்தான்.

திட்டம் யாருடையது

உதவித்தொகை என்ற யோசனை லிண்டுடையது அல்ல. லைப்சிக்கில் 1843இல் மெண்டல்சன் தொடங்கிய இசைக் கல்லூரியில் அவர் பெயரால் மாணவர்களுக்கு இடம் ஏற்படுத்த வேண்டும் என்ற பேச்சு அவர் இறந்த கொஞ்ச காலத்திலேயே அங்கே எழுந்தது. லண்டன் நண்பர்கள் குழு அமைத்துச் சேர்ந்துகொண்டார்கள். குழு இருந்தது, நோக்கம் இருந்தது, பணம் இல்லை. ஒரே மாலையில் அதைக் கொடுத்தவர் லிண்ட்.

பிறகு லைப்சிக்கோடு சேர்ந்து செய்யும் ஏற்பாடு கைகூடவில்லை. லண்டன் குழுவின் கையில் ஆயிரம் பவுண்டும் அரைகுறைத் திட்டமும் மிஞ்சின. இந்த நிலையில் நிதிகள் வழக்கமாகக் கரைந்துபோகும்: ஒரு பளிங்குச் சிலை, ஒரு நினைவுக் கச்சேரி, கொஞ்சம் அச்சுச் செலவு. இந்தக் குழு எதுவும் செய்யாமல் காத்திருந்தது. அன்றைய பிரிட்டன் அரசின் கடன்பத்திரங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி தந்தன. அந்தக் கணக்கில் ஆயிரம் பவுண்டுக்கு ஆண்டு வரவு முப்பது பவுண்டு. ஒரு மாணவரை வெளிநாட்டில் வைத்துப் படிக்க வைக்க அது போதாது. எனவே வட்டியும் முதலோடு சேரட்டும் என்று 1856 வரை யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. விதைநெல்லை வைத்திருந்தவர்களின் பொறுமை அது.

எட்டு ஆண்டுக் காத்திருப்பில் தகுதியான சில இளைஞர்கள் உதவி கிடைக்காமல் போயிருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். ஆனால் முதல் ஆண்டே இருவருக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தால் 1860இல் இந்த நிதி இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

முதல் மாணவர்

1856 கோடையில் போட்டி அறிவித்தார்கள். 14 வயது முதல் 20 வயது வரை உள்ளவர்கள் வரலாம். கடைசியில் சமநிலையில் நின்றவர்கள் இருவர்: போட்டியாளர்களில் மூத்தவரான ஜோசப் பார்ன்பி, இளையவரான ஆர்தர் சல்லிவன். மறுபடி ஒரு தேர்வு வைத்துச் சல்லிவனைத் தேர்ந்தெடுத்தார்கள். மே மாதம்தான் அவருக்கு 14 வயது நிறைந்திருந்தது. அரச தேவாலயத்தில் பாடும் சிறுவர்களில் ஒருவர். அப்பா ராணுவப் பேண்டு வாத்தியக்காரர். வீட்டுக் காசில் ஜெர்மனி போய்ப் படிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

குழு அவரை உடனே கப்பலேற்றவில்லை. முதலில் லண்டனின் ராயல் அகாடமி இசைப் பள்ளியில் இரண்டு ஆண்டு. அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் மெண்டல்சனின் நண்பர் ஸ்டெர்ன்டேல் பென்னெட். 1858 இலையுதிர் காலத்தில் லைப்சிக். அங்கே மெண்டல்சனுக்கே பியானோ கற்றுத் தந்த மோஷெலஸ் ஆசிரியராக இருந்தார். உதவித்தொகையை ஓராண்டோடு நிறுத்தாமல் நீட்டித்தார்கள்; கடைசியில் லைப்சிக் கல்லூரியும் கட்டணத்தை விட்டுக்கொடுத்தது. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்துக்கு எழுதிய இசையோடு 1861இல் அவர் படிப்பை முடித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அது வாசிக்கப்பட்டது. 19 வயதில் சல்லிவன் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. பின்னால் நாடக ஆசிரியர் கில்பெர்ட்டோடு சேர்ந்து அவர் எழுதிய நகைச்சுவை ஓபராக்களை ஆங்கிலம் பேசும் உலகம் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறது.

இந்த நீட்டிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. எத்தனை ஆண்டு, எந்த ஊர், என்ன பாடம் என்று விதியை முதலிலேயே இறுக்கிவிடாமல், எதிரில் நிற்கும் மாணவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்திருக்கிறார்கள். 1871இல் தேர்வான வில்லியம் ஷேக்ஸ்பியர் (பெயர்தான் ஒன்று, இவர் இசைக்காரர்) விஷயத்தில் இது இன்னும் தெளிவு. அவர் லைப்சிக்குப் போனது ரைனெக்கேயிடம் இசையமைப்புப் படிக்க. போன இடத்தில் அவருக்கு நல்ல டெனர் குரல், அதாவது உயர்ந்த ஸ்தாயி ஆண்குரல், இருப்பது தெரியவந்தது. இசையமைப்புக்குத்தான் பணம் என்று குழு அடம்பிடிக்கவில்லை. மிலானில் லாம்பெர்த்தியிடம் பாட்டுப் படிக்க அனுப்பியது. அவர் பாடகராகவும், பிறகு ராயல் அகாடமியின் பாட்டு ஆசிரியராகவும் ஆனார். ஒரு பாடகி ஈட்டித் தந்த பணம் ஒரு பாடகரை உருவாக்கியதில் எனக்கு மகிழ்ச்சி.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1879இல் மாட் வலேரி வைட், இந்த உதவித்தொகையைப் பெற்ற முதல் பெண். உடல்நலக் குறைவால் இரண்டு ஆண்டில் விட வேண்டியதாயிற்று, ஆனாலும் அவருடைய பாடல்கள் விக்டோரியா காலத்து வீடுகளில் பரவலாகப் பாடப்பட்டன. 1881இல் பியானோ கலைஞர் ஓய்கன் டால்பெர். இவரை லண்டனில் படிக்க வைத்த பள்ளியின் தலைவர் வேறு யாருமல்ல, முதல் மாணவர் சல்லிவன். 1904இல் இசையமைப்பாளர் ஜார்ஜ் டைசன். 1948இல் மால்கம் ஆர்னால்ட். இவர் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவில் முதல் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர். உதவித்தொகை கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு இத்தாலியில் ஓராண்டு தங்கினார். அதற்குப் பின் முழுநேர இசையமைப்பாளர்தான். இலங்கையில் கித்துல்கலைக் காட்டாற்றில் பாலம் கட்டிப் படமெடுத்து 1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்ற போர்ப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் இசைக்கு ஆஸ்கர் வாங்கியவர் இவரே. 1980களில் இசையமைப்பாளர் மார்க்-ஆன்டனி டர்னேஜ்.

சிலை விழுந்தது, நிதி நின்றது

1850இல் ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். வெளியிட்டது லைப்சிக்கின் இசைப் பத்திரிகை. யூத வம்சத்தில் பிறந்தவர் என்பதால் மெண்டல்சனின் இசை மனதைத் தொட முடியாது என்பது அதன் சாரம். மெண்டல்சன் இறந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அந்த விஷம் மெதுவாக வேலை செய்தது.

லைப்சிக் நகரம் 1892இல் கெவாந்த்ஹவுஸ் முன்னால் மெண்டல்சனுக்குப் பெரிய வெண்கலச் சிலை வைத்தது. 1936 நவம்பர் 9ஆம் தேதி இரவு நாஜிகள் அதை இடித்து அகற்றினார்கள். தான் ஊரில் இல்லாத சமயம் பார்த்துச் செய்தார்கள் என்று நகர மேயர் கோர்டெலர் பதவியை விட்டு விலகினார். ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டதற்காக 1945இல் அவர் தூக்கிலிடப்பட்டார். மெண்டல்சனின் இசை ஜெர்மன் மேடைகளிலிருந்து விலக்கப்பட்டது. சிலையின் நகல் திரும்ப லைப்சிக்கில் எழ 2008 வரை ஆனது.

அன்று லைப்சிக்கோடு சேர முடியாமல் போனதே இந்த நிதிக்கு நல்லதாயிற்று என்று இப்போது திரும்பிப் பார்த்தால் சொல்லத் தோன்றுகிறது. லண்டன் குழு இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆனால் பணத்தை ஒரு கட்டடத்திலோ ஒரு நிறுவனத்திலோ முடக்காமல் ஆளைத் தேடிக் கொடுக்கும் நிதியாக வைத்தது அவர்களுடைய முடிவு. மெண்டல்சனின் பெயரை அவர் ஊரிலேயே அழித்த ஆண்டுகளிலும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு லண்டனில் அது இருந்தது.

மற்ற கொடைகள்

அதே குளிர்காலத்தில் மான்செஸ்டர், லிவர்பூல் ஆகிய நகரங்களின் மருத்துவமனைகளுக்காக லிண்ட் பாடினார். 1849 ஜனவரியில் நாரிச் நகரில் செய்த கச்சேரிகளின் வரவில் ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவமனை 1854இல் திறக்கப்பட்டது. நாரிச்சில் இன்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். இது இசை உதவித்தொகையைவிடச் சிறிய காரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

1849 மே 10 அன்று ஓபரா மேடையை விட்டு நிரந்தரமாக இறங்கினார். 28 வயது; புகழின் உச்சம். மறு ஆண்டு அமெரிக்கப் பயணம். வித்தைக் காட்சிகள் நடத்திப் பேர் வாங்கிய பி. டி. பார்னம் 150 கச்சேரிகளுக்குத் தலா 1,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தார். புறப்படும் முன்பே 1,87,500 டாலரை லண்டன் வங்கியில் கட்ட வேண்டும் என்று லிண்ட் நிபந்தனை வைத்தார். ஸ்வீடனில் இலவசப் பள்ளிகள் தொடங்கப் பணம் சேர்ப்பதே பயணத்தின் நோக்கம். 1850 செப்டம்பர் 11 நியூயார்க் முதல் கச்சேரியில் தன் பங்காக வந்த சுமார் 10,000 டாலரை ஊரின் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். தீயணைப்போர் நிதிக்கு 3,000. நலிந்த இசைக்காரர்களுக்கு உதவும் மியூசிக்கல் ஃபண்ட் சொசைட்டிக்கு 2,000. பார்னம் மேடையேறி அதை அறிவித்தார். அடுத்த நாள் பத்திரிகைகள் நிறைய அதுவே செய்தி. கொடை உண்மையானது, விளம்பரமும் உண்மையானது. லிண்டுக்கு இந்த ஆரவாரம் பிடிக்கவில்லை. 1851இல் பார்னத்தை விட்டு விலகித் தானே கச்சேரிகளை நடத்தினார்.

1852இல் பாஸ்டனில் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்தார். பியானோ கலைஞர், லைப்சிக்கில் மெண்டல்சனிடம் படித்த மாணவர். இருவரும் இங்கிலாந்தில் குடியேறினார்கள். 1883இல் ராயல் இசைக் கல்லூரி திறந்தபோது லிண்ட் பாட்டுப் பேராசிரியர்களில் ஒருவரானார். அதே ஆண்டு மால்வெர்னில், ரயில்வே தொழிலாளர்களின் உதவி நிதிக்காக, கடைசியாகப் பொதுமேடையில் பாடினார். 1894இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் சிலைக்குக் கீழே அவர் உருவம் பொறித்த வட்டப் பலகை வைக்கப்பட்டது.

அவர் முதல் போட்டு வளர்ந்த உதவித்தொகைக்கு அவருடைய பெயர் இல்லை. தன் பெயரை வைக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. தன் நண்பருக்காகச் செய்தார், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் சல்லிவனைப் பற்றியோ ஆர்னால்டைப் பற்றியோ எழுதுகிறவர்கள் 'மெண்டல்சன் உதவித்தொகை பெற்றார்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியில் 1848 டிசம்பர் 15ஐயும் அன்று பாடியவர் யார் என்பதையும் சேர்த்து எழுத இன்னும் அரை வரி போதும். இனி எழுதுகிறவர்கள் அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.